மகளின் கையில் ஒரு காகிதக் கூம்பு

நாங்கள் ஜெர்மனியில் உள்ள டோர்ட்முண்டுக்கு வந்து சேர்ந்தது ஒரு ஜூன் மாதம். ஆகஸ்ட் கடைசியில் மகளுக்கு முதல் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த கடிதத்தை அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். பென்சில் எத்தனை, பசை எத்தனை, உடற்பயிற்சிக்கு எந்த மாதிரி ஷூ என்று எல்லாம் இருந்தது. ஒன்று விடாமல் வாங்கிப் பெயர் ஒட்டி வைத்துவிட்டேன்.

பள்ளி திறக்க நான்கு நாள் இருக்கும்போது கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் என்னை நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருடம் ஆகிறது. "பிள்ளைக்கு ஷூல்ட்யூட்டெ செய்தாச்சோ?" என்றார். அப்படி என்றால் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. "ஐயோ, எல்லாப் பிள்ளையளும் கொண்டு வருவினம். உங்கட பிள்ளை மட்டும் வெறுங்கையோட நிக்கப்படாது" என்று அன்று மாலையே அட்டையோடு வீட்டுக்கு வந்துவிட்டார்.

ஷூல்ட்யூட்டெ என்பது முதல் வகுப்புக்குப் போகும் குழந்தை சுமந்து செல்லும் பெரிய காகிதக் கூம்பு. உள்ளே மிட்டாய், வண்ணப் பென்சில், சின்னச் சின்னப் பரிசுகள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சாக்சனி, துரிங்கியா பக்கம் தோன்றிய வழக்கம். ஆசிரியர் வீட்டில் ஒரு மரம் இருக்கிறது, அதில் இந்தக் கூம்புகள் காய்க்கும், அவை பழுத்துவிட்டால் பள்ளிக்குப் போகும் வயது வந்துவிட்டது என்று அந்தக் காலத்தில் குழந்தைகளுக்குச் சொல்வார்களாம். கிழக்கு ஜெர்மனியில் 85 சென்டிமீட்டரில் அறுகோணமாகச் செய்வார்கள். நாங்கள் இருக்கும் மேற்குப் பக்கம் 70 சென்டிமீட்டர், வட்ட வடிவம்.

அடியில் பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணிக்க வேண்டும் என்பதை அக்காதான் சொல்லிக் கொடுத்தார். இல்லாவிட்டால் கனம் தாங்காமல் நுனி மடங்கிவிடும், பிள்ளையாலும் தூக்க முடியாது. மகள் மயில் வேண்டும் என்றாள். நீலத்தாளை வெட்டி வெட்டி இரவு பதினொன்றுவரை ஒட்டினோம். வாயை மெல்லிய துணியால் மூடி ரிப்பன் கட்டினோம். வீட்டுக்குத் திரும்பி வரும்வரை பிரிக்கக் கூடாது, அதுதான் முறை.

எனக்கு அப்போது விஜயதசமி நினைவுக்கு வந்தது. மதுரையில் தாத்தா மடியில் உட்கார்ந்து இவள் தாம்பாளத்து அரிசியில் 'அ' எழுதினாள். விரலைப் பிடித்து எழுத வைத்த கை அவருடையது. இங்கே அந்தக் கைக்கு எங்கே போவேன் என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு, பசை காய்ந்த அக்காவின் விரல்களைப் பார்த்ததும் தொண்டை அடைத்தது.

பள்ளி மண்டபத்தில் பெரிய வகுப்புப் பிள்ளைகள் பாடி வரவேற்றார்கள். பிறகு ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்கள். மகளின் பெயரை ஆசிரியை சற்றே தடுமாறித்தான் சொன்னார். இவள் எழுந்து, தன் நெஞ்சு உயரக் கூம்பைக் கட்டிப் பிடித்தபடி மேடைக்கு நடந்தாள். ஜெர்மனில் பத்துச் சொற்கள்கூடத் தெரியாது. மேடையில் நின்ற இருபத்துச் சொச்சம் குழந்தைகளில் யாருக்கு மொழி தெரியும், யாருக்குத் தெரியாது என்று பார்த்தால் தெரியவில்லை. எல்லோரும் கூம்புக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றார்கள்.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டாள். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு பெரிய பிள்ளையைத் துணையாக வைப்பது அந்தப் பள்ளியின் வழக்கம். கழிப்பறை எங்கே, ஊஞ்சலுக்கு எங்கே வரிசையில் நிற்பது என்பதையெல்லாம் சைகையிலேயே காட்டியிருக்கிறாள். முதல் வாரம் முழுக்க மகள் வீட்டில் சொன்ன ஒரே பெயர் அவளுடையதுதான்.

ஆனாலும் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அந்தக் கடிதத்தில் கூம்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கேயே வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை என்று விட்டிருப்பார்கள். அக்கா மட்டும் இல்லாவிட்டால், எல்லாரையும் ஒன்றாக்கிய அதே கூம்பு என் மகளைத் தனியாக நிறுத்தியிருக்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அந்த ஒரு வரியை எழுதியே ஆக வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் என் அரைகுறை ஜெர்மனில் இதைச் சொன்னேன், குறித்துக்கொண்டார்கள்.

போன மாதம் எதிர்க் கட்டிடத்துக்குச் சிரியாவிலிருந்து ஒரு குடும்பம் வந்திருக்கிறது. பையனுக்கு ஆறு வயது. இரண்டு அட்டை வாங்கி வைத்திருக்கிறேன். அவனுக்கு என்ன விலங்கு பிடிக்கும் என்று கேட்டு வர மகளை அனுப்பியிருக்கிறேன்.