பெருந்துறையில் புழுங்கல் சோறு

அம்மாவுக்குச் சிவபுராணம் தலைகீழ்ப் பாடம். தினமும் சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுச் சொல்வாள். பெருந்துறை என்ற பெயர் வரும் இடத்தில் மட்டும் குரல் சற்றே தழையும். அந்தத் திருப்பெருந்துறையை, இன்றைய ஆவுடையார்கோயிலை, ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. ஒருவழியாக இந்த மார்கழியில் கூட்டிப்போனேன்.

புதுக்கோட்டை மாவட்டம், அறந்தாங்கியிலிருந்து சுமார் 14 கி.மீ. உள்ளே நுழைந்ததுமே அம்மா கேட்டாள், "கொடிமரம் எங்கேடி?" இல்லை. பலிபீடம் இல்லை, நந்தியும் இல்லை. கோயில் பார்ப்பதோ தெற்கு நோக்கி. எந்தச் சிவன் கோயிலுக்குப் போனாலும் நந்தியின் காதோரம் நின்று வேண்டிக்கொள்பவள், இங்கே வெறுங்கையோடு நின்றாள்.

கருவறையில் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் மட்டும்தான். அதன் மேல் லிங்கம் கிடையாது. ஆத்மநாதர் என்று பெயர். ஆத்மாவுக்கு உருவம் ஏது? ஆவுடையாரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, அதற்கு மேலே ஒன்றுமில்லாமல் இருக்கும் இடத்தையும் கும்பிட வேண்டியிருக்கிறது. முதல் சில நிமிடங்கள் கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் அலைகிறது. அப்புறம் தானாக அடங்குகிறது.

நாங்கள் போனது நைவேத்திய நேரம். வடித்த சோற்றைக் கொண்டுவந்து சன்னதிக்கு முன்னால் இருக்கும் படைகல்லின் மேல் சுடச்சுடக் கொட்டினார்கள். வெள்ளையாக ஒரு குன்று போலக் குவிந்தது. அதிலிருந்து ஆவி எழுந்தது. விளக்கு வெளிச்சத்தில் அது மெல்ல நெளிந்து, பிரிந்து, கருவறைப் பக்கமாக மறைந்தது. அந்த ஆவிதான் சுவாமிக்கு அமுது. உருவமில்லாதவருக்கு உருவமில்லாத உணவு. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "புழுங்கல் அரிசிடி, நம்ம வீட்டு வாசம்" என்றாள். ஆமாம், கோயில் என்றால் பச்சரிசிதான் என்று பழகிய மூக்குக்கு அந்த வாசம் பெரிய ஆச்சரியம். கூடவே கீரையும் பாகற்காயும் உண்டு.

அதற்குத் தலபுராணம் ஒரு கதை சொல்கிறது. இங்கே வாழ்ந்த முந்நூறு அந்தணர்களின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தர, சிவனே வயதான வாத்தியாராக வந்து திண்ணையில் உட்கார்ந்தாராம். வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சாப்பாடு போட்டார்கள். அவர்கள் போட்டது புழுங்கல் சோறும் கீரையும் பாகற்காயும். அன்று வாத்தியாருக்குப் போட்டதைத்தான் இன்றும் படைக்கிறார்கள். எனக்கு இந்தக் கதை மிகவும் பிடித்திருக்கிறது. என்ன கிடைத்ததோ அதைச் சாப்பிட்ட சாமி.

தீபாராதனை முடிந்ததும் வழக்கம்போல அம்மா இரண்டு கையையும் நீட்டினாள். தட்டு வெளியே வரவில்லை. இங்கே தீபத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தருவதில்லை. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், "உள்ளேயே பார்த்துக்கோங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். நீட்டிய கையை மடக்காமல் அப்படியே நெஞ்சில் வைத்துக்கொண்டாள் அம்மா.

யோகாம்பாள் சன்னதியிலும் சிலை இல்லை. பீடத்தில் திருவடிகள் மட்டும். அதையும் கல் பலகணியின் துளைகள் வழியே எட்டித்தான் பார்க்க வேண்டும். ஒரு கண்ணை மூடி, ஒரு துளையில் முகத்தை வைத்து அம்மா நெடுநேரம் பார்த்தாள்.

உற்சவர் யார் தெரியுமா? அம்மா சொல்லும் சிவபுராணத்தைப் பாடிய மாணிக்கவாசகர். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராகக் குதிரை வாங்க வந்தவர், இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டு, பொன்னையெல்லாம் கோயிலுக்கே செலவழித்தார். நரி பரியான திருவிளையாடல் அதைத் தொட்டுத்தான். மார்கழியில் சிவன் கோயில்களில் ஒலிக்கும் திருப்பள்ளியெழுச்சி பிறந்ததும் இந்த ஊரில்தான். ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் வாகனத்தில் எழுந்தருளுபவர் அவரே. சாமியின் இடத்தில் அடியாரை வைத்துத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொன்னபோது அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

சிற்பங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். வீரபத்திரர்கள் நிற்கும் தூண்களைவிட என்னை நிறுத்தியது கொடுங்கைதான். கல்லாலான கூரை விளிம்பு. அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டம், இரும்புக் கம்பி, அதை முடுக்கிய ஆணியின் தலை எல்லாம் தெரிகிறது. எல்லாமே கல்! விளிம்பு அவ்வளவு மெல்லிசு. கல்தானா என்று பார்க்க ஒரு வெள்ளைக்காரர் துப்பாக்கியால் சுட்டதாக ஓட்டை ஒன்றைக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்து ஸ்தபதிகள் ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' எதையும் செய்து தருகிறோம் என்று எழுதுவார்களாம்.

அந்தக் கொடுங்கையின் கீழே உட்கார்ந்து அம்மா சிவபுராணத்தை முதலிலிருந்து சொன்னாள். பெருந்துறை வந்தபோது குரல் தழையவில்லை. நிமிர்ந்து சன்னதிப் பக்கம் பார்த்துச் சொன்னாள்.

திரும்பும் வழியில், பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது, ரோட்டோரக் கடையில் கால் கிலோ பாகற்காய் வாங்கிக்கொண்டாள்.