வேலி ஃபோர்ஜ்: கிடங்குக் கணக்குப்பிள்ளையின் நாட்குறிப்பு

1777 டிசம்பர் 19
ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிடும் எங்கள் அமெரிக்கப் படை குளிர்காலம் கழிக்கப் பென்சில்வேனியாவின் இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது. இங்கே ஒன்றும் இல்லை.

டிசம்பர் 22
ஃபிலடெல்பியா நகரத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஆங்கிலேயன் தீவனம் தேடி வெளியே வந்திருக்கிறான். தயாராகுங்கள் என்று உத்தரவு. யார் தயாராவது? கிடங்கில் இருப்பது 25 பீப்பாய் மாவு. அறுக்க ஒரு மாடுகூட இல்லை. நேற்று ராத்திரியே முகாமில் கலகம் வெடிக்கப் பார்த்தது.

டிசம்பர் 24
காலணியும் துணியும் இல்லாமல் பணிக்கு ஆகாதவர்கள் 2,898 பேர். எங்கள் தளபதி வாஷிங்டன் நேற்று மாகாணப் பிரதிநிதிகளின் சபையான காங்கிரஸுக்கு எழுதிய கடிதத்தில் இந்த எண் போயிருக்கிறது. அதில் ஒருவன் என் தம்பி.

1778 ஜனவரி 9
குடிசைக்குப் பன்னிரண்டு பேர். புகை. தம்பிக்கு இருமல்.

ஜனவரி 17
பன்றி இறைச்சி வந்தது. பீப்பாயைத் திறந்ததும் பக்கத்தில் நின்றவன் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினான். உள்ளே இறைச்சியைக் கெடாமல் காக்கும் உப்புநீர் ஒரு சொட்டு இல்லை. பாரம் குறையட்டும் என்று வண்டிக்காரர்கள் வழியிலேயே வடித்துவிடுகிறார்கள். அவர்களைத் திட்டி என்ன பயன்? அச்சு முங்கும் சேறு, எலும்பும் தோலுமாய்க் குதிரைகள், கூலியோ மதிப்பு இறங்கிக்கொண்டே போகும் காங்கிரஸ் நோட்டு. நகரத்துக்கு மாவு கொண்டுபோகும் விவசாயிக்கு ஆங்கிலேயன் தங்கமும் வெள்ளியும் எண்ணிக் கொடுக்கிறான். நான் சீட்டுதான் நீட்ட முடியும்.

அப்புறம் அந்தத் தோல். அறுத்த மாட்டுத் தோலைக் கொடுத்தால் பதிலுக்குக் காலணி வர வேண்டும். தோல் கொட்டகைக்குப் பின்னால் குவிந்து அழுகுகிறது. எடுத்துப்போக வண்டி இல்லை. கொட்டகையில் தோல், குடிசையில் வெறுங்கால், நடுவில் நான் எழுதும் கணக்கு!

பிப்ரவரி 6
தம்பியின் வர்ஜீனியா ரெஜிமென்ட்டுக்கு ஈராண்டுத் தவணை முடியப்போகிறது. மறுபடி கையெழுத்துப் போட்டால் 20 டாலர், ஊருக்குப் போய்வர விடுப்பு. யுத்தம் முடியும்வரை என்றால் 100 ஏக்கர் நிலமும் உண்டு. “யாராவது பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பதிலாளாகப் போனால் இதைவிட அதிகம் கிடைக்குமே அண்ணா” என்கிறான். வாஸ்தவம்தான். எப்படி மறுப்பது?

பிப்ரவரி 15
ஜெனரல் கிரீன் ஆட்களோடு தானியமும் மாடும் பிடிக்கப் போயிருக்கிறார். விவசாயிகள் மாடு, வண்டி எல்லாவற்றையும் ஒளித்துவைக்கிறார்களாம். நானாக இருந்தாலும் ஒளிப்பேன். இந்தப் பக்கம் யார் கண்ணிலும் படக்கூடாது.

பிப்ரவரி 16
இறைச்சி இல்லை.

பிப்ரவரி 24
ஸ்டாய்பன் என்று பிரஷ்யாவிலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். பயிற்சி கொடுப்பாராம். வெறுங்காலோடு அணிவகுக்கவும் ஏதாவது முறை வைத்திருப்பார்.

பிப்ரவரி 25
தோல் அப்படியே கிடக்கிறது.

மார்ச் 8
வண்டி, தளவாடப் பொறுப்பு முழுக்க இனி கிரீனிடம். முன்பு அதைப் பார்த்த மிஃப்லின் கைவிட்டபின் இத்தனை மாதம் கேட்பாரில்லாமல் கிடந்த வேலை. சண்டை போட வந்தவருக்கு இதில் இஷ்டமே இல்லையாம்.

தம்பி கையெழுத்துப் போடவில்லை. நாளை மறுநாள் கிளம்புகிறான். இருமல் நிற்கவில்லை, காலில் சுற்றியிருப்பது கிழிந்த போர்வைத்துண்டு. வர்ஜீனியா வரை அப்படியே நடக்கிறேன் என்கிறான். கிடங்கில் ஒரு ஜோடி காலணி இருக்கிறது, வேறொருவன் பெயரில். காய்ச்சலில் படுத்திருப்பவன், இப்போதைக்கு எழுந்திருக்க மாட்டான். காலையில் போய்க் கேட்டுப் பார்க்கிறேன்.