58 நாற்காலிகள்: ஒரு டர்பன் நாட்குறிப்பு

29 மே 2024, புதன்

இன்று தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கும் எங்கள் மாகாணச் சபைக்கும் வாக்களித்தோம். டர்பனில் இந்தியர் வாழும் சாட்ஸ்வொர்த்தில், எங்கள் சாவடியில் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் கைக்கருவி நின்று நின்று வேலை செய்ததால், வரிசை பிற்பகல் வரை நகரவே இல்லை. எண்பதை எட்டிவிட்ட என் மாமனாரை மட்டும் முன்னால் அனுப்பினார்கள். இம்முறை ஆளுக்கு மூன்று சீட்டுகள். கட்சிகளின் பட்டியல் நீண்டு கிடந்ததில் மூக்குக்கண்ணாடி இல்லாதவர்கள் திண்டாடினார்கள்.

புதிய கட்சியான எம்.கே. (உம்கொண்டோ வெ சிஸ்வே) கட்சியின் பெயருக்கு அருகில், அதன் தலைவரும் முன்னாள் அதிபருமான ஜேக்கப் ஜூமாவின் முகம் இருந்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக 15 மாதச் சிறைத்தண்டனை பெற்றவர் என்பதால் அவர் உறுப்பினராக நிற்கத் தகுதியற்றவர் என்று அரசியல் சாசன நீதிமன்றம் மே 20 அன்று தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் கட்சித் தலைவர் என்ற முறையில் அவருடைய படம் சீட்டில் நீடித்தது. எங்கள் தெருமுனையில் கார் பழுதுபார்க்கும் ஜூலு இளைஞர் அக்கட்சியின் முகவராகச் சாவடிக்குள் அமர்ந்திருந்தார். மாமனாரைக் கண்டதும் எழுந்து, "வாங்க பாபா" என்று தம் மொழியில் வரவேற்றார்.

31 மே, வெள்ளி

காலையில் தேர்தல் ஆணையத்தின் முடிவுத் திரை திடீரென்று வெறுமையாகி, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அப்படியே கிடந்தது. தரவு மையங்களுக்கிடையே ஏற்பட்ட கோளாறு என்றும், எண்கள் எதுவும் மாறவில்லை என்றும் ஆணையம் விளக்கியது. அதற்குள் தொலைபேசிகளில் வேறு கதை பரவிவிட்டது.

இங்கே வாக்குகள் அந்தந்தச் சாவடியிலேயே, கட்சி முகவர்களின் கண்முன்னே எண்ணப்படுகின்றன. முடிவுத்தாளில் முகவர்கள் கையொப்பமிடுகிறார்கள். அதன் படி ஒன்று சாவடியின் வாசலில் ஒட்டப்படுகிறது. திரை அணைந்தாலும் வாசலில் ஒட்டிய தாள் அழிவதில்லை. ஆகவே எங்கேனும் எண் மாற்றப்பட்டிருந்தால், அதை மெய்ப்பிக்க வேண்டிய சான்று குறை சொல்கிற கட்சியின் கையிலேயே இருக்க வேண்டும். ஆட்சேபணைகளைத் தாக்கல் செய்வதற்கு இன்று இரவு 9 மணி வரை சட்டம் அவகாசம் தருகிறது.

2 ஜூன், ஞாயிறு

ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த மிட்ரண்டில் உள்ள முடிவு மையத்தில் முடிவுகளை அறிவித்துவிட்டார்கள். 2019-இல் 57.5 விழுக்காடு பெற்ற ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் இப்போது 40.18 விழுக்காட்டுக்கு வீழ்ந்து, 400 இடங்களில் 159-ஐ மட்டுமே பிடித்திருக்கிறது. 30 ஆண்டுகளாகத் தனிப் பெரும்பான்மையோடு ஆண்ட கட்சி அதை முதன்முறையாக இழந்திருக்கிறது. ஆனாலும் முடிவை ஏற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டது. மறுபுறம், சில மாதங்களுக்கு முன்பு வரை யாரும் பொருட்படுத்தாத எம்.கே. கட்சி 14.58 விழுக்காட்டுடன் 58 இடங்களைப் பெற்று, நாட்டின் மூன்றாவது பெரிய கட்சியாகியிருக்கிறது. எங்கள் குவாசூலு-நட்டால் மாகாணத்திலோ 45.35 விழுக்காடு, 80-இல் 37 இடங்கள். புதிய கட்சி ஒன்றுக்கு இதைவிடப் பெரிய தொடக்கம் கிடைப்பது அரிது. அப்படியிருந்தும், பெரிதாக இழந்த கட்சி அமைதியாக இருக்க, பெரிதாகப் பெற்ற கட்சிதான் ஏமாற்றப்பட்டோம் என்கிறது.

நேற்று இரவே ஜூமா அந்த முடிவு மையத்துக்குச் சென்று, முடிவை அறிவிக்கக் கூடாது என்றும், தொல்லை இல்லாத இடத்தில் தொல்லையைத் தொடங்க வேண்டாம் என்றும் எச்சரித்திருந்தார். மொத்தம் 579 ஆட்சேபணைகள் வந்தன. 24 நேர்வுகளில் ஆணையம் மறு எண்ணிக்கைக்கு உத்தரவிட்டது. ஆணையத் தலைவர் மோசோத்தோ மோய்ப்யா இன்று மாலை அறிவிப்பை நிறுத்தவில்லை.

இந்த எச்சரிக்கையை ஜோகன்னஸ்பர்க்கில் ஒருவர் கேட்பதும் டர்பனில் நாங்கள் கேட்பதும் ஒன்றல்ல. 2021 ஜூலையில் ஜூமா சிறைக்குச் சென்ற சில நாட்களில் தொடங்கிய கலவரத்தில் 350-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடைகள் எரிந்தன, ரொட்டிக்கும் பாலுக்கும் வரிசை நின்றோம், இந்தியர் வாழும் பகுதிகளில் தெருவுக்குத் தெரு தடுப்பு வைத்தார்கள். அப்படியொரு பகுதியான ஃபீனிக்ஸில் அந்தத் தடுப்புகளின் அருகே கறுப்பின மக்கள் கொல்லப்பட்டார்கள்; அந்தப் பகுதியில் மட்டும் 36 உயிர்கள் போயின. நம்மவர்கள் அந்த ஜூலையைப் பற்றிப் பேசும்போது தாங்கள் பட்ட அச்சத்தை மட்டும் சொல்லி, இந்த எண்ணிக்கையைச் சொல்லாமல் விட்டுவிடுவது எனக்கு எப்போதும் உறுத்துகிறது. இன்று பக்கத்து வீட்டு அக்கா அரிசி மூட்டை வாங்கி வைத்துவிட்டதாகச் சொன்னார். நானும் வாங்கிவிட்டேன்.

9 ஜூன், ஞாயிறு

கோயிலிலிருந்து வந்த பிறகு மாமனார், எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்த 1994-ஐப் பற்றிப் பேசத் தொடங்கினார். மேகசின் பாரக்ஸில், நகராட்சித் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிச் சட்டத்தால் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டவர் அவர். முதல் வாக்கை ஐம்பதாவது வயதில் செலுத்தினார்.

அந்தத் தேர்தலைப் புறக்கணிப்போம் என்று சொல்லிக்கொண்டிருந்த ஜூலு தலைவர் புத்தெலேசியின் இன்காதா கட்சி, வாக்குப்பதிவு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, ஏப்ரல் 19 அன்று, கலந்துகொள்ளச் சம்மதித்தது. வாக்குச்சீட்டுகள் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால், அக்கட்சியின் பெயரைத் தனி ஒட்டுத்தாளாக அடித்து ஒவ்வொரு சீட்டின் அடியிலும் ஒட்டினார்கள். அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் இம்மாகாணத்தில் இன்காதாவுக்கும் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸுக்கும் இடையிலான மோதல்களில் ஆயிரக்கணக்கானோர் இறந்திருந்தார்கள். வாக்கு எண்ணிக்கையோ குழப்பத்தின் உச்சம். மோசடிப் புகார்கள் எல்லாப் பக்கத்திலிருந்தும் குவிந்தன. முடிவில் இன்காதாவுக்கு 50.3 விழுக்காடு, 81-இல் 41 இடங்கள். காங்கிரஸுக்கு 26 மட்டும்.

நட்டாலின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்காரர்கள் பலர் கொதித்தார்கள். அவர்கள் நீதிமன்றம் போக விரும்பியதற்கு இன்றைய புகார்களைவிட வலுவான காரணங்கள் இருந்தன. ஆனால் மண்டேலா வேண்டாம் என்று தடுத்தார். ஒரு மாகாணத்தின் ஆட்சியைவிட அங்கே சாவு நிற்பது பெரிது என்று அவர் கருதினார் என்பது மாமனாரின் புரிதல். அது கொள்கையா, கணக்கா என்று கேட்டால் இரண்டும்தான் என்பேன். தேசிய அளவில் வென்றுவிட்ட ஒருவருக்கு அந்தப் பெருந்தன்மை சற்று எளிது என்பதையும் மறுக்க முடியாது.

இதில் பலர் மறந்துவிட்ட செய்தி ஒன்று உண்டு. அன்று இம்மாகாணத்தின் முதல்வர் பதவிக்குக் காங்கிரஸ் நிறுத்திய வேட்பாளர் வேறு யாருமல்லர், ஜேக்கப் ஜூமாதான். தோற்ற அவர், இன்காதாவின் ஃபிராங்க் ம்டுலாலோசே தலைமையிலான மாகாண அமைச்சரவையில் பொருளாதாரம், சுற்றுலாத் துறைகளின் பொறுப்பை ஏற்று அமர்ந்தார். எதிரிகளாக இருந்த இரு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்ததில் அவருடைய பங்கு பெரிது என்று அவரை விரும்பாதவர்களும் சொல்வார்கள். ஐயத்துக்கிடமான தோல்வியை ஏற்று வாழ அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தெரிந்தவர்தான் இப்போது மறுக்கிறார். அன்று விட்டுக்கொடுத்தால் கட்சிக்குள் உயர வழி இருந்தது; இன்று விட்டுக்கொடுத்தால் அவர் கையில் எஞ்சுவது ஆதரவாளர்களின் கோபம் ஒன்றே, அதையும் ஆற விட முடியாது என்பதுதான் நான் காணும் வேறுபாடு.

12 ஜூன், புதன்

நாடாளுமன்றத்தின் முதல் கூட்டத்தைத் தடுக்கக் கோரிய எம்.கே. கட்சியின் மனுவை அரசியல் சாசன நீதிமன்றம் இன்று தள்ளுபடி செய்தது. சபையில் குறைந்தது 350 உறுப்பினர்கள் இருக்க வேண்டும் என்று சாசனம் சொல்கிறது, நாங்கள் 58 பேரும் வராவிட்டால் 342 பேர்தான் மிஞ்சுவார்கள், ஆகவே கூட்டம் செல்லாது என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. கேட்கச் சாமர்த்தியமாகத்தான் இருக்கிறது. ஆனால் சபைக்கு எத்தனை இடங்கள் என்பதும் ஒரு நாளில் எத்தனை பேர் வந்தார்கள் என்பதும் வெவ்வேறு. மோசடிக்கு முகாந்திரமாகவேனும் சான்று வைக்கப்படவில்லை என்றும் நீதிமன்றம் சொல்லிவிட்டது.

15 ஜூன், சனி

நேற்று ஒரே நாளில் இரண்டு சபைகள் கூடின. நாடாளுமன்றக் கட்டடம் 2022-இல் எரிந்துபோனதால், கேப் டவுனில் மாநாட்டு மையத்தில் தேசிய சபை கூடியது, எம்.கே. கட்சியின் 58 பேரும் வரவில்லை. இரவு வெகுநேரத்துக்குப் பிறகு ராமபோசா 283 வாக்குகளுடன் மீண்டும் அதிபரானார். எதிர்த்து நின்ற இடதுசாரித் தலைவர் மலேமாவுக்கு 44.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் கூடிய எங்கள் மாகாணச் சபைக்கு அதே கட்சியின் 37 பேரும் வந்தார்கள், உறுதிமொழி எடுத்தார்கள், பதவிகளுக்குப் போட்டியும் இட்டார்கள். ஒரே நாளில், ஒரே ஆணையம் நடத்திய ஒரே தேர்தல்தான். மூன்று சீட்டுகளையும் ஒரே கூடத்தில்தான் எண்ணினார்கள். கேப் டவுனில் செல்லாத முடிவு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எப்படிச் செல்லுபடியாகும் என்று அக்கட்சிக்காரர் யாரேனும் விளக்கினால் கேட்கக் காத்திருக்கிறேன். இங்கே ஆட்சி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

எட்டவில்லை. இன்காதா 15, காங்கிரஸ் 14, ஜனநாயகக் கூட்டணி (டி.ஏ.) 11, தேசிய சுதந்திரக் கட்சி 1 என்று 41 பேர் ஒன்றுசேர்ந்து, இன்காதாவின் தாமி ந்துலியை முதல்வராக்கினார்கள். எதிர்த்தரப்பில் 39.

கார் பழுதுபார்க்கும் தம்பியின் முகம் இன்று காலை பார்க்கச் சகிக்கவில்லை. "45 விழுக்காடு வாங்கியவன் வெளியே, 18 விழுக்காடு வாங்கியவன் முதல்வர் நாற்காலியில். இது திருட்டு இல்லையா, ஆன்ட்டி?" என்று கேட்டார். திருட்டு இல்லை, பாதிக்கு மேல் இல்லாத எவரும் துணை தேட வேண்டும், துணை கிடைக்காதவர் வெளியே நிற்க வேண்டும். சட்டப்படி இதில் குறையில்லை. ஆனால் அவருடைய மனக்குறையை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். வாக்களித்த பெருங்கூட்டம் ஒன்றுக்கு அரசில் இடமே இல்லை என்பது உண்மையான அரசியல் கேள்வி. அதைச் சபையிலும் தெருவிலும் கேட்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. எண்கள் மாற்றப்பட்டன என்ற குற்றச்சாட்டு வேறு. அதற்குத் தாள் வேண்டும். கட்சி இவ்விரண்டையும் கலந்து பேசுகிறது. முதலாவதில் உள்ள நியாயத்தின் பலத்திலேயே இரண்டாவது நம்பப்படுகிறது.

26 ஜூன், புதன்

நேற்று எம்.கே. கட்சியினர் கேப் டவுனில் உறுதிமொழி எடுத்துக்கொண்டார்கள். முடிவை ஏற்கவில்லை, ஆனால் இடங்களை ஏற்கிறோம் என்பது நிலைப்பாடு. டி.ஏ. அரசில் சேர்ந்துவிட்டதால் இவர்களே அதிகாரபூர்வ எதிர்க்கட்சி. கடந்த பிப்ரவரியில் இதே தேசிய சபையால் நீதிபதிப் பதவியிலிருந்து நீக்க வாக்களிக்கப்பட்ட ஜான் ஹ்லோஃபே இப்போது அச்சபையில் அவர்களின் தலைவர்.

மாமனார் சிரித்துவிட்டு 1984-ஐ நினைவுபடுத்தினார். வெள்ளையர் அரசு இந்தியர்களுக்கென்று தனி அவை ஒன்றை உருவாக்கி வாக்குக் கேட்டபோது, நட்டால் இந்தியக் காங்கிரஸும் பிற அமைப்புகளும் புறக்கணிக்கச் சொன்னார்கள். பதிவு செய்த வாக்காளர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான் போனார்கள். தேர்தலே செல்லாது என்று நம்பியதால் அவர்கள் போட்டியிடவும் இல்லை, நாற்காலியும் கேட்கவில்லை. அந்த மறுப்புக்கு ஒரு விலை இருந்தது, கொடுத்தார்கள். இப்போதைய மறுப்புக்கு மாதச் சம்பளம் உண்டு என்றார் கிழவர். சற்றுக் கடுமைதான், அவர்கள் சபைக்கு வந்தது வராமல் இருப்பதைவிட நல்லது என்று நான் வாதிட்டேன். அவர் மறுக்கவில்லை.

5 ஜூலை, வெள்ளி

தேர்தல் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை எம்.கே. கட்சி இந்த வாரம் திரும்பப் பெற முன்வந்திருக்கிறது. 93 லட்சம் வாக்குகளுக்குக் கணக்கில்லை என்பது அவர்களின் குற்றச்சாட்டு. நாடு முழுவதும் பதிவானவையே ஏறத்தாழ ஒரு கோடியே 60 லட்சம் என்னும்போது, இது பாதிக்கும் மேல். அத்தனை பெரிய களவு நடந்திருந்தால், நாட்டின் எந்த மூலையிலும் வாசலில் ஒட்டிய ஒரு தாளாவது திரையின் எண்ணோடு முரண்பட்டிருக்க வேண்டும். சான்று திரட்ட இன்னும் காலம் வேண்டும், மீண்டும் தாக்கல் செய்வோம் என்கிறார்கள். தீர்ப்பு வந்தால் தோல்வியும் உறுதியாகிவிடும். தீர்ப்பு வராத வழக்கைத்தான் கூட்டம்தோறும் பேசிக்கொண்டிருக்கலாம்.

மாலையில் காரின் பிரேக் சத்தமிட்டதால் தெருமுனைக்குப் போனோம். அந்தத் தம்பியிடம் அவருடைய சாவடியின் தாளைப் பற்றி மாமனார் கேட்டார். கைபேசியில் படம் இருக்கிறது, ஆணையத்தின் எண்ணும் அதுவும் ஒன்றுதான் என்றார். அவர் சாவடியில் திருட்டு நடக்கவில்லையாம்; மற்ற இடங்களில் நடந்ததாம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலிலும் முகவராக அமரப்போவதாகச் சொன்னார். அதையும் இதே ஆணையம்தானே நடத்தும் என்று மாமனார் மடக்கியபோது, அவர் கொஞ்சமும் தயங்கவில்லை.

"நமக்கு வேறு எந்த ஆணையம் இருக்கிறது, பாபா?"