முன்வண்டியின் பிரேக் விளக்கை நம்பினால் நெரிசல்தான்

விபத்து இல்லை, சாலைப் பணி இல்லை. ஆனாலும் வண்டிகள் ஊர்கின்றன. 2008இல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்றில் 230 மீட்டர் வட்டப் பாதையில் 22 கார்களை ஓடவிட்டார்கள். எந்தத் தடையும் வைக்கவில்லை. சற்று நேரத்தில் நெரிசல் தானாகவே முளைத்து, மணிக்கு சுமார் 20 கி.மீ. வேகத்தில் பின்னோக்கி நகர்ந்தது. ஒருவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து லேசாகக் காலை எடுக்கிறார். பின்னால் வருபவர் அதைத் தாமதமாகப் பார்த்து பிரேக்கைக் கூடுதலாக அழுத்துகிறார். பத்தாவது வண்டி நின்றேவிடுகிறது.

வண்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ரேடியோ இந்தத் தாமதத்தைத்தான் குறைக்கிறது. ஒவ்வொரு வண்டியும் தன் இடம், வேகம், திசை, பிரேக் நிலை ஆகியவற்றை 5.9 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் விநாடிக்குப் 10 முறை அறிவிக்கும். முதல் வண்டி பிரேக் பிடித்ததை ஐந்தாவது வண்டி நேரடியாகவே கேட்கும். வண்டியின் முகப்பில் உள்ள, தூரத்தை அளக்கும் ரேடார் பொதுவாக அடுத்த வண்டியைத்தான் பார்க்கும், அதுவும் வேகம் மாறிய பிறகு.

கணக்கு எளிது. மணிக்கு 72 கி.மீ. என்றால் விநாடிக்கு 20 மீட்டர். 1.5 விநாடி இடைவெளி 30 மீட்டர், வண்டி 5 மீட்டர். ஒரு தடத்தில் மணிக்கு சுமார் 2,050 வண்டிகள். ரேடியோவின் உதவியால் இடைவெளி 0.6 விநாடியானால் சுமார் 4,200. ஆனால் இது எல்லா வண்டியிலும் ரேடியோ இருந்தால்தான். 20 சதவீத வண்டிகளில் மட்டும் இருந்தால், அடுத்தடுத்த இரண்டிலும் இருக்கும் வாய்ப்பு வெறும் 4 சதவீதம். அவற்றுக்குத் தனித் தடம் ஒதுக்காமல் பலனை எதிர்பார்ப்பது வீண்.

இன்னொரு சிக்கல், நெரிசலில் ரேடியோவும் நெரிகிறது. அனுப்பியவர் போலி இல்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒரு செய்தி 300 பைட் என்று வையுங்கள். விநாடிக்கு 6 மெகாபிட் வேகத்தில் அதை அனுப்ப 0.4 மில்லிவிநாடி. ஒரு வண்டி விநாடிக்கு அனுப்பும் 10 செய்திக்கு 4 மில்லிவிநாடி. அதாவது 250 வண்டிகள் பேசினாலே அலைவரிசை முழுதும் நிரம்பிவிடும். செய்திகள் மோதத் தொடங்குவது அதற்கு வெகு முன்பே. ஆகவே கூட்டம் கூடும்போது விநாடிக்கு அனுப்பும் செய்திகளின் எண்ணிக்கையையும் ரேடியோவின் ஆற்றலையும் குறைக்க வேண்டும்.

செய்தி தொடர்ந்து வராவிட்டால் இடைவெளியைப் பழையபடி 1.5 விநாடிக்கு நீட்டியாக வேண்டும். இதை வடிவமைக்கும் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். முன்வண்டி சீராக ஓடுவதாக ரேடார் காட்டும்வரை, பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் தளர்த்தி, பல விநாடிகளில் மெல்ல விலகவேண்டும். பிரேக் பிடித்து சட்டென்று விலகினால் அந்த பிரேக்கே அடுத்த நெரிசல் அலையைக் கிளப்பிவிடும்.