சித்தப்பா படம் எந்த ஃபோல்டர்ல?

போன மாசம், இங்க பர்மாவுலயே இருக்கற தட்டோன்லேர்ந்து சித்தி போன் பண்ணாங்க. சித்தப்பா தவறி 9 நாள் ஆகியிருந்துச்சு. "தம்பி, பீலிக்கான் முனீஸ்வரர் கோயில்ல சித்தப்பா தீ மிதிச்சப்ப நீ ஒரு படம் எடுத்தியே, அத பெருசாக்கி பிரேம் போட்டு கொண்டாடா, 16-ம் நாள் காரியத்துக்கு மாலை போடணும்"னாங்க. சரி சித்தினு உடனே சொல்லிட்டேன். எங்க குடும்பத்துல போட்டோக்காரன்னா நான்தான், ஹார்டு டிஸ்க்கே மூணு வச்சிருக்கேன், அதுல இல்லாம எங்க போயிடும்னு ஒரு திமிர்.

ராத்திரி 11 மணிக்கு கரண்ட் வந்துச்சு. யாங்கோன்ல இருக்கறவங்களுக்குத் தெரியும், தெருவே "மீ லா பீ"னு (கரண்ட் வந்துடுச்சுனு) கத்தும்ல, அந்த சத்தத்துல எழுந்து டிஸ்க்க மாட்டினேன். உள்ள என்ன ஃபோல்டர் இருந்துச்சு தெரியுமா? "கேமரா புதுசு", "கேமரா புதுசு 2", "அம்மா கார்டு", "டெஸ்க்டாப்ல இருந்தது", அப்புறம் "அப்புறம் பாக்கணும்"னு ஒன்னு, அதுக்குள்ள 4,000 படம். எல்லாமே டிஎஸ்சி போட்டு நாலு நம்பர். ரெண்டு மணி நேரம் தேடி 2018 தீமிதியக் கண்டுபிடிச்சேன், பூ கரகம் இருக்கு, குண்டம் வளக்கறது இருக்கு, கூட்டம் இருக்கு, சித்தப்பா இறங்கற இடத்துல மட்டும் திடீர்னு எங்க மச்சான் வீட்டு நாய்க்குட்டி.

அந்த நாய்க்குட்டியப் பாத்ததும்தான் என்ன பண்ணித் தொலைச்சேன்னு புரிஞ்சுது. கேமரா கம்பெனிங்க எல்லாம் டிசிஎஃப்னு ஒரே விதிமுறையத்தான் வச்சிருக்காங்க, ஃபைல் பேர்ல மொதல் நாலு எழுத்து அவங்க இஷ்டம், மிச்சம் நாலும் நம்பர், 0001-லேர்ந்து 9999 வரைக்கும்தான், அதுக்கு மேல போனா திரும்ப 0001. என் நிக்கான்ல கார்ட ஃபார்மேட் பண்ணாலே நம்பர் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கற மாதிரி செட்டிங் வேற கெடந்துச்சு, நான் கவனிக்கவே இல்ல. அப்ப 412-ம் நம்பர்ல சித்தப்பாவும் இருப்பாரு, நாய்க்குட்டியும் இருக்கும். ரெண்டு கார்டயும் ஒரே ஃபோல்டர்ல கொட்டினப்ப கம்ப்யூட்டர் கேட்டுச்சு, இதே பேர்ல ஃபைல் இருக்கு மாத்திடவானு. நான் எல்லாத்துக்கும் ஆமானு அமுக்கிட்டு டீ குடிக்கப் போயிட்டேன்.

சரி, இன்னும் ரெண்டு டிஸ்க் இருக்கேனு அதத் தொறந்தா அங்கயும் நாய்க்குட்டி. ஏன்னா என் பேக்கப்பு வெறும் மிரர், மெயின் டிஸ்க்ல எது எப்படி இருக்கோ அப்படியே மத்த ரெண்டும் மாறிக்கும். டிஸ்க் செத்தா காப்பாத்தும், நான் பண்ற முட்டாள்தனத்த அது மூணு காப்பி எடுத்து பத்திரமா வச்சுக்கும்.

தம்பி ஒருத்தன் போன்ல வாட்ஸ்அப்ல வந்த காப்பி இருந்துச்சு. 960க்கு 1280, அதுல சித்தப்பா மொகம் கட்ட விரல் நகம் அளவு. ஏ4 சைஸ்ல நல்லா பிரிண்ட் போட 2480க்கு 3508 பிக்சலாவது வேணும், இத இழுத்தா மொகம் கஞ்சியாயிடும். அதோட வாட்ஸ்அப்பு பேர மாத்தி, படம் எடுத்த தேதி நேரம் இருக்கற எக்ஸிஃப் தகவலயும் உருவிட்டுத்தான் அனுப்பும். பேர்ல இருக்கற தேதி படம் எடுத்த தேதினு நெனச்சு ஏமாறாதீங்க, அது மெசேஜுக்கான தேதி. ஃபேஸ்புக்கும் இதே கததான். எங்க அத்தை மக எல்லாம் அதுலயே இருக்குனு நிம்மதியா இருந்தா, 2021 பிப்ரவரியில இங்க அத முடக்கினப்ப அவ பொண்ணோட மொத மூணு வருஷமும் அதுக்குள்ள மாட்டிக்கிச்சு.

கடைசியில அம்மாதான் பிஸ்கட் டின்லேர்ந்து பழைய 16 ஜிபி கார்ட எடுத்துக் குடுத்தாங்க. ஊசி, பட்டன், செத்துப்போன சிம் கார்டு, அதுக்கு நடுவுல. கேமராவுல சாதாரணமா ஃபார்மேட் பண்ணா படம் அழியறதில்ல, எந்தப் படம் எங்க இருக்குங்கற பட்டியல் மட்டும்தான் போகும், மேல புதுசா எழுதற வரைக்கும் உள்ள கெடக்கும். ஃபோட்டோரெக்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அத ஓட்டினேன். (மீட்ட படத்த அதே கார்டுல சேவ் பண்ணிடாதீங்க, வேற டிஸ்க்ல பண்ணுங்க.) 600 சொச்சம் படம் வந்துச்சு, பேரெல்லாம் போச்சு, எஃப் போட்டு ஏதோ நீளமா நம்பர். ஆனா எக்ஸிஃப் படத்துக்குள்ளயே இருக்கும்ல, அதனால எக்ஸிஃப்டூல்னு இன்னொரு சாஃப்ட்வேர் வச்சு, எடுத்த தேதியவே பேரா மாத்தினேன், அஞ்சே நிமிஷம், எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

சித்தப்பா கெடச்சாரு, ஆனா பாதிதான். மேல்பாதியில மஞ்சத்தண்ணி சொட்டற தல, கையில வேப்பிலை, பல்லக் கடிச்ச மொகம், எல்லாம் அப்படியே துல்லியமா இருக்கு, இடுப்புக்குக் கீழ ஒரே சாம்பல் கலர் பட்டை. குண்டமும் இல்ல, காலும் இல்ல. வேற ஏதோ படம் அங்க மேல எழுதியிருக்கு, நாய்க்குட்டியேதானோ என்னமோ. இடுப்பு வரைக்கும் வெட்டி பிரிண்ட் போட்டேன்.

அதுக்கப்புறம் ரெண்டு வாரம் இதே வேலதான். இப்ப படம் டிஸ்க்குக்கு வர்றப்பவே பேரு மாறிடும்: 2018-03, தேதி, நேரம், இடம், அதுக்கப்புறம் யாரு. வருஷம் முன்னாடி வந்தாதான் தன்னால வரிசையாகும், நாள முன்னாடி போட்டா எல்லா மாசத்து ஒன்னாந்தேதியும் ஒன்னா கூடி நிக்கும். இன்னொரு காரணமும் உண்டு. பெகுலேர்ந்து ஒரு கல்யாண ஆல்பம் பென் டிரைவ்ல வந்துச்சு, ஃபோல்டர் பேரெல்லாம் பர்மீஸ்ல, பழைய ஜாவ்ஜி ஃபான்ட்ல அடிச்சது. 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு, அதான் உலகம் பூரா ஒரே மாதிரி எழுத்து முறைக்கு, மாறினப்புறம் அதத் தொறந்தா எழுத்தெல்லாம் கொழம்பிப்போயி யாராலயும் படிக்க முடியல, நம்பர் மட்டும்தான் பொழச்சுது. எழுத்து கெட்டாலும் தேதி நிக்கும். நான் பேர தமிழ்லதான் வைக்கறேன், ஆனா ரொம்ப நீட்றதில்ல, தமிழ்ல ஒவ்வொரு எழுத்துக்குறிக்கும் மூணு பைட்டு, லினக்ஸ்ல ஒரு பேருக்கு 255 பைட்டுதான், 85 குறி தாண்டினா காப்பி ஆகாது. சென்னைக்குப் போனா கேமரா கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னாடி தள்ளணும், அது எனக்கு எப்பவும் மறக்கும்.

பேக்கப்புக்கு 3-2-1னு சொல்வாங்க, மூணு காப்பி, ரெண்டு வித மீடியா, ஒன்னு வேற ஊர்ல. கூகுள் போட்டோஸ் 2021 ஜூன்லேர்ந்து 15 ஜிபிக்கு மேல காசு கேக்குது, இங்க இருக்கற நெட்டுக்கு அதுகூடப் பரவால்ல, ஏத்தி முடிக்கறதுதான் பாடு. அதனால வேற ஊர் காப்பி மோல்மியன்ல அக்கா வீட்ல, பஸ்ல போறப்பல்லாம் டிஸ்க்க மாத்திட்டு வருவேன். மிரர விட்டுட்டேன். அழிஞ்சது மாறினது எல்லாத்தோட பழைய காப்பியும் தனி ஃபோல்டர்ல ஒரு வருஷம் இருக்கும். லேப்டாப் பேட்டரி பாதிக்கு மேல இல்லாம காப்பி ஆரம்பிக்கறதே இல்ல, நடுவுல கரண்ட் போனா பாதி ஃபைல் நிக்கும், பாக்க முழுசு மாதிரியே இருக்கும்.

படத்துல சித்தப்பா தோளுக்குப் பின்னாடி ஒரு சின்னப் பையன் வேப்பிலக் கொத்தத் தூக்கிப் பிடிச்சிருந்தான். யாருனு அம்மாவுக்கும் தெரியல. பேர்ல கேள்விக்குறி போடலாம்னா விண்டோஸ் விடாது, அதனால "பையன்_யாரோ"னு வச்சிருந்தேன். தட்டோன்ல பிரேமக் குடுத்ததும் சித்தி சித்தப்பாவ ரொம்ப நேரம் தொடச்சுட்டே இருந்தாங்க, அப்புறம் வெரல அந்தப் பையன் மேல வச்சு, "நம்ம தண்ணி வண்டிக்காரர் மகன்டா, இப்ப மலேசியாவுல இருக்கான், இவருதான் அவனுக்கு பள்ளிக்கூட பீஸ் கட்டினது"ன்னாங்க. அன்னிக்கு ராத்திரி அங்கயே கரண்ட் வந்ததும் ஃபைல் பேர மாத்தினேன்.