எங்கள் அன்பியத்தின் தேர்தல்

போன ஞாயிறு மாலை, பெரம்பூரில் எங்கள் மொட்டை மாடியில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குப் பேரவைக்கு, அதாவது பங்குத்தந்தைக்கு ஆலோசனை சொல்லும் குழுவுக்கு, ஆள் தேர்ந்தெடுத்தோம். அன்பியம் என்பது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் சிறு குழு; எங்களுடையதில் 23 குடும்பங்கள். முதலில் செபமாலை, அப்புறம் துண்டுச் சீட்டு. யாரும் போட்டிக்கு நிற்பதில்லை. மனதில் படுகிறவரின் பெயரை எழுத வேண்டும்.

கீழ்வீட்டு அக்காவுக்கு 14 சீட்டுகள். இட்லி மாவு அரைத்து விற்பவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வேலை போனது என்பதெல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். “எனக்கு மைக்கில் பேச வராதும்மா” என்றார். நாங்கள் விடவில்லை.

பேரவையில் இப்படி அன்பியத்துக்கு ஒருவர், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபை, மாதா பக்திக் குழுவான மரியாயின் சேனை, இளைஞர் குழு ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் ஒருவர், பங்குத்தந்தை நியமிக்கும் சிலர். தலைவர் பங்குத்தந்தையே. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 536ஆம் பிரிவு பேரவைக்கு ஆலோசனை உரிமை மட்டுமே தருகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அக்கா சொன்னால் கேட்காமல் இருப்பது கடினம்.

நேற்று புது நோட்டோடு வந்து என்னை எழுதச் சொன்னார். முதல் வரி: கோயில் படிக்குக் கைப்பிடி.