யுஎஃப்சி சண்டையைக் கணிப்பது: முதலில் சதவீதம், பிறகு பெயர்

2022 ஆகஸ்ட் 20, சால்ட் லேக் சிட்டி. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த யுஎஃப்சி போட்டியில் சாம்பியன் கமாரு உஸ்மானும் லியோன் எட்வர்ட்ஸும் மோதிய பட்டச் சண்டை. நாலு ரவுண்டு முடிந்தபோது மூன்று ஜட்ஜ்களின் புள்ளித் தாளிலும் 39-37 என்று உஸ்மான்தான் முன்னால் இருந்தார். ஐந்தாவது ரவுண்டில் இன்னும் 56 வினாடி தாக்குப்பிடித்தால் பெல்ட் அவரிடமே இருக்கும். எட்வர்ட்ஸ் இடது கையால் குத்துவதுபோல் போக்குக் காட்டினார். அதிலிருந்து விலக உஸ்மான் தலையைச் சாய்த்த நொடியில் இடது கால் தலையில் இறங்கியது. சண்டை முடிந்தது.

அன்றைக்கு உஸ்மானுக்கு 75 சதவீதம் கொடுத்தவரின் கணிப்பு தப்பு என்று சொல்ல முடியாது. நாலில் ஒரு தடவை எட்வர்ட்ஸ் ஜெயிப்பார் என்றும் சேர்த்துத்தான் அவர் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவை அன்று வந்தது. ‘உஸ்மான்தான், சந்தேகமே வேண்டாம்’ என்றவர்தான் தப்பு செய்தவர். யுஎஃப்சியில் ஃபேவரிட் (ஜெயிப்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர்) ஏறத்தாழ மூன்றில் இரண்டு சண்டையில் ஜெயிக்கிறார். 12 சண்டை உள்ள ஒரு சனிக்கிழமையில் நாலு அண்டர்டாக் (தோற்பார் என்று எதிர்பார்க்கப்படுபவர்) ஜெயிப்பது ரொம்ப சாதாரணம். அதனால் சண்டைக்கு முன்னால் எழுத வேண்டியது ஒரு எண்.

அந்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? புக்கியின், அதாவது பந்தயம் ஏற்பவரின், விலையோடு. ஒரு சண்டைக்கு 1.50, 2.70 என்று ஆட்ஸ் (கட்டிய ஒரு ரூபாய்க்கு ஜெயித்தால் திரும்பும் தொகை) இருப்பதாக வைத்துக்கொள்வோம். லாஸ் வேகாஸ் பலகையில் இதே விலை மைனஸ் 200 (100 ஜெயிக்க 200 கட்ட வேண்டும்), பிளஸ் 170 (100 கட்டினால் 170 ஜெயிக்கலாம்) என்று தெரியும். 1-ஐ 1.50-ஆல் வகுத்தால் 66.7 சதவீதம், 2.70-ஆல் வகுத்தால் 37. கூட்டினால் 103.7 வருகிறது. நூறுக்கு மேல் நிற்கும் 3.7 புக்கியின் லாபம். இரண்டு எண்களையும் 103.7-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் சந்தை உண்மையில் நினைப்பது கிடைக்கும்: 64.3, 35.7. அண்டர்டாக்குக்கு நீங்கள் 42 கொடுத்தால், கட்டிய 100 ரூபாய்க்குச் சராசரியாக 113 ரூபாய் 40 காசு திரும்பும் விலை அது. 36 கொடுத்தால் 97 ரூபாய் 20 காசுதான். சந்தையைவிட அவரை ஒரு நூல் அதிகம் நம்பியும் நஷ்டம். புக்கியின் பங்கையும் தாண்டும் அளவுக்கு வித்தியாசம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சண்டையை வெறுமனே பார்த்து ரசிக்கலாம். உங்கள் எண்ணை எழுதி முடித்த பிறகே ஆட்ஸைப் பாருங்கள். முதலில் பார்த்துவிட்டால் மனசு அந்த விலையைச் சுற்றியே வட்டமடிக்கும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நெவாடாவில் விளையாட்டுப் பந்தயம் வெகுகாலமாகச் சட்டபூர்வம். 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் கூட்டாட்சித் தடையை நீக்கிய பிறகு பல மாநிலங்கள் அனுமதித்தன. இந்தியாவில் நிலைமை வேறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் ஆன்லைனில் பணம் கட்டி ஆடுவதைத் தொழிலாக நடத்துவதை நாடு முழுக்கத் தடை செய்கிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டமும் இருக்கிறது. ஆகவே இங்கிருப்பவர்கள் இதை நோட்டில் செய்ய வேண்டும், பணத்தில் அல்ல. கணிக்கும் திறமை நோட்டிலேயே முழுசாக வளரும். வெளிநாட்டு ஆப்களில் கள்ளத்தனமாகப் பணம் போட்டு, ஜெயித்த தொகையை எடுக்க முடியாமல் தவிப்பதில் எந்த அர்த்தமும் இல்லை.

இனி வீரர்களைப் பார்க்கும் முறை. யுஎஃப்சியின் புள்ளிவிவரப் பக்கத்தில் நிமிடத்துக்கு எத்தனை அடி கொடுக்கிறார், எத்தனை வாங்குகிறார், 15 நிமிடத்துக்கு எத்தனை டேக்டவுன் (எதிராளியைத் தரையில் வீழ்த்துவது), எதிராளியின் டேக்டவுனில் எத்தனை சதவீதத்தைத் தடுக்கிறார் என்றெல்லாம் இருக்கும். இந்தச் சராசரிகளை அப்படியே நம்பினால் ஏமாறுவீர்கள். ‘டேக்டவுன் தடுப்பு 100 சதவீதம்’ என்று இருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் அவருக்கு எதிராக மூன்றே முயற்சி, மூன்றும் குத்துச்சண்டைக்காரர்கள் களைப்பில் காலைப் பிடித்தவை. 2021 ஜனவரியில் மேக்ஸ் ஹாலோவே கால்வின் கேட்டரை 445 கணிசமான அடிகள் அடித்தார். யுஎஃப்சி சாதனை அது. அப்படி ஒரு இரவு யாருடைய சராசரியையும் தூக்கிவிடும். அதனால் எண்ணை எடுத்துக்கொண்டு, அது யாருக்கு எதிராக வந்தது என்று வீடியோவைப் பாருங்கள். கடைசி மூன்று சண்டை போதும். ஹைலைட் வேண்டாம், முழுச் சண்டை.

வீடியோவில் நான் முதலில் பார்க்கச் சொல்வது டேக்டவுனின் இரண்டாவது முயற்சியை. முதல் முயற்சியைத் தடுப்பதற்கு எல்லோரும் பயிற்சி எடுத்திருப்பார்கள். தடுத்த பிறகு கூண்டு ஓரத்தில் முதுகு ஒட்டி நிற்கும்போது எதிராளி ஒரு காலைப் பிடிப்பதிலிருந்து இரண்டு காலையும் பிடிப்பதற்கு மாறினால் என்ன ஆகிறது? கீழே விழுந்தால் எத்தனை வினாடியில் எழுகிறார்? எழும்போது முதுகைக் கொடுக்கிறாரா? இந்த மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால் மல்யுத்த வீரருக்கும் ஸ்ட்ரைக்கருக்கும் (நின்று அடித்து ஆடுபவர்) நடக்கும் சண்டையில் பாதி தெரிந்த மாதிரி. அடுத்து, நிற்கும் நிலை. ஒருவர் ஆர்த்தடாக்ஸ் (இடது காலை முன்வைத்து நிற்பவர்), ஒருவர் சவுத்பா (வலது காலை முன்வைத்து நிற்பவர்) என்றால் இருவரின் பின்கைக்கும் பின்காலுக்கும் நேர் வழி திறந்துவிடும். சவுத்பாவான எட்வர்ட்ஸின் உதை வந்தது அந்த வழியில்தான்.

உடல் எடை விஷயம்தான் என் கருத்தில் அதிகம் தவறாகப் படிக்கப்படுவது. சனிக்கிழமை சண்டைக்கு வெள்ளி காலையில் எடை பார்ப்பார்கள். சாதாரணச் சண்டையில் ஒரு பவுண்டு சலுகை உண்டு. பட்டச் சண்டையில் கிடையாது. எடை தவறியவர் தோற்பார் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். 2022 மே மாதம் சார்லஸ் ஒலிவேரா 155.5 பவுண்டு நின்றார். அரை பவுண்டில் பட்டம் பறிபோனது. மறுநாள் ஜஸ்டின் கேத்ஜியை முதல் ரவுண்டிலேயே கழுத்தை நெரித்து முடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் கம்சாட் சிமாயெவ் 178.5 பவுண்டில் வந்தார், 171 இருக்க வேண்டிய இடத்தில். எதிராளி மாற்றப்பட்டு, கெவின் ஹாலண்டை முதல் ரவுண்டில் தீர்த்தார். கேட்க வேண்டியது, பாதியில் நிறுத்திவிட்டாரா அல்லது கடைசிச் சொட்டுவரை பிழிந்தும் இறங்கவில்லையா என்று. பாதியில் நிறுத்தியவர் தெம்போடு வருகிறார், அது அவருக்குச் சாதகம். பிழிந்தவர் கன்னம் ஒட்டி வருவார், மேடையேறவே யாராவது கைத்தாங்கலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். அவருக்கு மூன்றாவது ரவுண்டில் மூச்சும் இருக்காது, அடி தாங்கும் திறனும் குறையும்.

எடையைச் சரியாகக் காட்டியவரிடமும் ஆபத்து ஒளிந்திருக்கலாம். டோனி ஃபெர்குசனின் கதை அதற்கு நல்ல பாடம். 2020 ஏப்ரல் 18-இல் நடக்கவிருந்த சண்டை கொரோனாவால் ரத்தானது. ஆனாலும் அவர் அந்த வாரம் 155 பவுண்டுக்கு இறங்கிக் காட்டினார். பிறகு மே 9 சண்டைக்காக மறுபடியும் 155. மூன்று வாரத்தில் இரண்டு வெயிட் கட் (எடைக் குறைப்பு), வயது 36. தொடர்ந்து 12 வெற்றி என்பதால் ஃபேவரிட் அவர்தான். எதிராளியான கேத்ஜி ஐந்தாவது ரவுண்டில் ரெஃப்ரி நிறுத்தும்வரை அடித்தார். அதையும் சேர்த்து ஃபெர்குசன் யுஎஃப்சியில் வரிசையாக எட்டுச் சண்டை தோற்றார். வெற்றிக் கணக்கு பின்னால் பார்க்கும் கண்ணாடி. இலகு எடைப் பிரிவுகளில் 35-ஐத் தாண்டியவருக்கு அதை மட்டும் வைத்து விலை போடக் கூடாது. ஹெவிவெயிட்டில் வயது இவ்வளவு சீக்கிரம் கொல்லாது.

இடம். லாஸ் வேகாஸ் ஏபெக்ஸ் அரங்கத்துக் கூண்டு 25 அடி விட்டம், பெரிய அரங்கங்களில் 30 அடி. சின்னக் கூண்டில் ஓடி ஆடுபவருக்கு இடமில்லை, நெருக்கிப் பிடிப்பவருக்குக் கொண்டாட்டம். உயரமும் கவனிக்க வேண்டியது. மெக்சிகோ சிட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். 2015 ஜூனில் மூச்சுக்குப் பெயர்போன கெய்ன் வெலாஸ்கெஸ் அங்கே இரண்டாவது ரவுண்டிலேயே வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். வாரக்கணக்கில் உயரத்தில் பயிற்சி எடுத்திருந்த ஃபாப்ரிசியோ வெர்டூம் மூன்றாவதில் கில்லட்டின் என்ற கழுத்துப் பிடியைப் போட்டு முடித்தார். வீரர் எப்போது ஊருக்கு வந்து இறங்கினார் என்பதை அவருடைய இன்ஸ்டாகிராமிலேயே பார்த்துவிடலாம்.

குறுகிய அவகாசத்தில் வருபவரின் சதவீதத்தைக் குறைக்கலாம், ஆனால் ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். நேட் டயஸ் 11 நாள் அவகாசத்தில் கானர் மெக்ரிகரையும், மைக்கேல் பிஸ்பிங் 17 நாள் அவகாசத்தில் லூக் ராக்ஹோல்டையும் 2016-இல் வீழ்த்தினார்கள்.

முடிவு ஜட்ஜ்களிடம் போகும் என்று தோன்றினால் எண்ணை 50-ஐ நோக்கி இழுங்கள். 2024 ஜூனில் பூஜா தோமர் யுஎஃப்சியில் ஜெயித்த முதல் இந்தியப் பெண் ஆனார். நமக்கெல்லாம் பெருமையான இரவு. அந்தத் தாள்களைப் பாருங்கள்: 30-27, 27-30, 29-28. ஒரு ஜட்ஜ் மூன்று ரவுண்டும் பூஜாவுக்கு, இன்னொருவர் மூன்றும் எதிராளிக்கு. மூன்று பேரும் பார்த்தது ஒரே சண்டை. விதிப்படி முதலில் பார்க்க வேண்டியது பலனுள்ள அடியும் பிடியும். மேலே படுத்துக்கொண்டு நேரம் கடத்துவதற்கு மட்டும் ரவுண்டு கிடைக்காது. கட்டுப்பாட்டு நேரத்தை மட்டும் நம்பும் மல்யுத்த வீரரை 80 சதவீதத்துக்குக் கொண்டுபோவது அபாயம்.

எந்த வகையைக் கணிப்பது? யார் ஜெயிப்பார் என்பதைத் தவிர, ரவுண்டு எண்ணிக்கையும் நல்ல பயிற்சி. ‘2.5-க்கு மேல்’ என்றால் ஐந்து நிமிட மூன்றாவது ரவுண்டில் 2 நிமிடம் 30 வினாடி தாண்ட வேண்டும். புதியவர்கள் மூன்றாவது ரவுண்டு தொடங்கினாலே போதும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்லே (பல பந்தயங்களை ஒன்றாகக் கோத்து, எல்லாமே ஜெயித்தால்தான் பணம் கிடைப்பது) மட்டும் வேண்டாம். 75 சதவீத வாய்ப்புள்ள நாலு ஃபேவரிட்டை 1.30 விலையில் கோத்தால், நாலும் ஜெயிக்கும் வாய்ப்பு 31.6 சதவீதம், கிடைப்பது 2.86 மடங்கு. தனித்தனியாக ரூபாய்க்கு இரண்டரைக் காசு நஷ்டம்; கோத்தால் கிட்டத்தட்ட பத்துக் காசு.

ஆட்ஸ் கடைசி நேரத்தில் திடீரென்று நகர்ந்தால் விலகி நில்லுங்கள். 2022 நவம்பர் 5, டாரிக் மின்னரின் சண்டை. சில மணி நேரத்துக்கு முன் எதிராளி முதல் ரவுண்டில் நாக்அவுட் செய்வார் என்று பணம் குவிந்தது. மின்னர் ஒரு உதை விட்டு, தன் காலையே பிடித்தார். 1 நிமிடம் 7 வினாடியில் சண்டை முடிந்தது. ஏற்கெனவே இருந்த காயத்தை மறைத்ததற்காக நெவாடா ஆணையம் பிறகு அவரைத் தண்டித்தது. காயம் தெரிந்த ஆளோடு போட்டி போட உங்கள் வீடியோ அலசலால் முடியாது.

நோட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் ஐந்து கட்டம்: உங்கள் சதவீதம், அப்போதைய ஆட்ஸ், சண்டை தொடங்கும்போது கடைசி ஆட்ஸ், முடிவு, ஒரு வரிக் காரணம். முடிவு வந்ததும் உங்கள் எண்ணுக்கும் முடிவுக்கும் (ஜெயித்தால் 1, தோற்றால் 0) உள்ள வித்தியாசத்தை வர்க்கம் எடுங்கள். 70 கொடுத்தவர் ஜெயித்தால் 0.3-இன் வர்க்கம் 0.09, தோற்றால் 0.49. எல்லாச் சண்டைக்கும் கண்ணை மூடி 50 போடுபவரின் சராசரி 0.25. நூறு சண்டை சேர்ந்த பிறகு உங்கள் சராசரி அதற்குக் கீழே இருந்தால் கணிப்பில் ஏதோ இருக்கிறது. புக்கியின் பங்கை நீக்கிய கடைசி ஆட்ஸின் சராசரிக்கும் கீழே இருந்தால் உண்மையிலேயே கெட்டிக்காரர்.

அதற்குப் பிறகு, சட்டம் அனுமதிக்கும் ஊரில் இருப்பவர்கள் எவ்வளவு கட்டலாம் என்பதற்கு கெல்லி சூத்திரம் உண்டு. 2.70 விலையில் 42 சதவீதம் என்றால் அது கையிருப்பில் 7.9 சதவீதம் கட்டச் சொல்லும். உங்கள் 42 உண்மையில் 38-ஆக இருந்தால் அது 1.5-க்கு இறங்கிவிடும். அதனால் விவரமானவர்கள் கால் பங்கு, அதாவது 2 சதவீதத்துக்கு மேல் போவதில்லை.